இரவல் ஈசிஜி

சத்துவாச்சாரி
25.1.2025

பூரணி அக்காவுக்கு,

தேவிகா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கிழியுங்கள்.

நேற்று ஆஃப்ரீன் போன் செய்தாள். வியாழக்கிழமை ஷூ கம்பெனித் தையல் லைனில் மெஷினை விட்டு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டீர்களாம். சூப்பர்வைசர் ஓடிவந்து, யாரோ தண்ணீர் தெளித்து, பத்து நிமிஷத்தில் நீங்களே எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்ல, பித்தம்' என்றீர்களாம். பித்தமாம்! நாற்பத்தொரு வயதில் அப்படி என்ன பித்தம்?

போனில் கேட்கலாம் என்றால் உங்கள் வீட்டு போன் மாமா சட்டைப்பையில் இருக்கும். அவர் தறியிலிருந்து வந்தால் உங்கள் பிள்ளை வசந்த் கையில் இருக்கும். நீங்கள் 'ஹலோ' என்றதும் அத்தை காதைத் தீட்டிக்கொள்வார்கள். அதனால்தான் பேரணாம்பட்டில் ஆஃப்ரீன் வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். அவள் கம்பெனிக்கு வரும்போது டிஃபன் பையில் வைத்து உங்களிடம் சேர்த்துவிடுவாள். பதிலை அவளிடமே கொடுங்கள், தபாலில் போடுவாள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கம்பெனி மெடிக்கல் கேம்ப்பில் எடுத்த ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். அது என்னுடையது. மறந்துவிட்டீர்களா? ஜூன் மாதம், நாற்பது தாண்டியவர்களை மட்டும் கூப்பிட்டார்கள். 'நீ போய்ட்டு வாடி, அந்த ஒயரையெல்லாம் பாத்தாலே பேஜாரா இருக்கு' என்று உங்கள் அடையாள அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினீர்கள். ஏப்ரனும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டால் அந்த லைனில் எல்லோருக்கும் ஒரே முகம்தானே. டீ வாங்கக்கூட ஒருத்தி அட்டையில் இன்னொருத்தி போகிறவர்கள் நாம். ஈசிஜி எடுத்த பெண் அட்டை எண்ணைப் பார்த்தாள், நெஞ்சில் ஒயரை ஒட்டினாள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. விளையாட்டாக நினைத்துத்தான் போய்ப் படுத்தேன். ஈசிஜி சரியில்லை என்று நம் லைன் தனகோடியை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து உங்களுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். உங்கள் அப்பாவை நினைத்தும் பயம் என்று தெரியும்.

அதனால் உண்மையான ஈசிஜி ஒன்று எடுங்கள். இங்கே வந்தால் நான் கூட வருகிறேன்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அக்டோபரில் துவரம்பருப்பு டப்பாவில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு 'இன்னாக்கா இது' என்று கேட்டதற்கு அறைந்தீர்களே, அது இன்னும் வலிக்கிறது. கன்னத்தில் இல்லை. ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்து ஒன்பது வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள், நம்மைப் பார்த்துத் தெருவே வயிறெரிந்தது. இவருக்கு இங்கே வேலை கிடைத்தது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு வந்தோம். கன்னத்தில் விழுந்த அந்த ஒரு அறைக்காகத்தான் வீட்டை விட்டு வந்தேன் என்பது இவருக்கே தெரியாது. மாத்திரையைப் பற்றியும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பதில் போடுங்கள்.

தேவிகா

குடியாத்தம்
30.1.2025

தேவிகா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. கிழித்தால் குப்பையை அத்தை கிளறுவார்கள். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

விழுந்தது உண்மை. மெஷினிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது, கொஞ்சம் பிடித்துக்கொண்டு நின்றால் சரியாகிவிடும். அன்றைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்குப் போய் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உனக்குச் சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது.

அறைந்தது தப்பு. அதற்குமேல் அதைப் பற்றி என்னை எழுத வைக்காதே.

மாத்திரையைக் கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். அது மனசுக்கான மாத்திரை. நாலு வருஷமாகச் சாப்பிடுகிறேன். ஏன் என்று கேட்காதே. எல்லோரும் ஏன் என்றுதான் கேட்பார்கள். குழந்தை செத்ததா, புருஷன் அடித்தானா, கடனா? ஒன்றும் இல்லை. உன் மாமா தங்கமான மனுஷன். வசந்த் நன்றாகப் படிக்கிறான். ஆனாலும் அந்த வருஷம் சோறு மண்ணாக இருந்தது. எழுந்து தலை வாருவதற்கு ஒரு மணி நேரம் யோசித்தேன். ஒருநாள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டியவள் தண்டவாளத்துப் பக்கம் போய் நின்றேன். கீரைக்காரி ஒருத்தி 'இன்னாம்மா இங்க நிக்கற, தூரப் போ' என்று அதட்டினாள். அவள் அதட்டியதால் இன்றைக்கு உனக்கு எழுதுகிறேன்.

அதற்கு அடுத்த வாரம் வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். தனியாகத்தான் போனேன். அவர் எழுதிக் கொடுத்தது அமிட்ரிப்டிலின். மூன்றாவது வாரம் ரசத்தில் பூண்டு வாசனை தெரிந்தது. தெருவில் நின்று நான் சிரித்ததைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. அன்றிலிருந்து மாதம் ஒரு வியாழக்கிழமை பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்வருகிறேன். நாலு வருஷமாக எனக்குப் பல் வலி. முப்பத்திரண்டு பல்லும் அப்படியே இருக்கிறது, இன்னும் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீயும் என்னை வேறு மாதிரி பார்ப்பாய். நான் வடிக்கிற சோற்றைக்கூடச் சந்தேகப்படுவாய்.

நீ எழுதியதைப் படித்த பிறகு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் மனசு மறுபடி இறங்கியது. ஐம்பது மில்லிகிராமை எழுபத்தைந்தாக ஆக்கலாம், அதற்கு முன்னால் ஒரு ஈசிஜி வேண்டும் என்றார் டாக்டரம்மா. கம்பெனி கொடுத்த நகல் பையில் இருந்தது. என் பெயர், என் வயது. அதையே எடுத்துக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு 'ரொம்ப நல்லா இருக்கு' என்றார். உன் நெஞ்சு நல்ல நெஞ்சுதான் தேவிகா. வீட்டில் யாராவது சின்ன வயதில் இதய நோயால் இறந்தார்களா என்றும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் நாக்கு ஏன் அப்படிச் சொன்னது என்று இன்னும் தெரியவில்லை.

நீ வேறு மாதிரி நினைக்காதே. உன் வீட்டுக்காரர் குமரன் தம்பியைக் கேட்டதாகச் சொல்.

பூரணி

சத்துவாச்சாரி
3.2.2025

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. தைக்க உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. ஸ்கூல் யூனிஃபார்ம் ஒன்றுக்குக் கையை உள்பக்கம் வெளிப்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டேன். இவர் 'இன்னா ஆச்சு உனக்கு' என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். பல் வலி என்று சொன்னேன். எனக்கும் உங்கள் புத்திதான் வருகிறது.

நீங்கள் மனசுக்கு மாத்திரை சாப்பிட்டால் நான் உங்கள் சோற்றைச் சந்தேகப்படுவேனா? அதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்த ஒரு வரியை எழுதியதற்குப் பதிலாக இன்னொரு தடவை அறைந்திருக்கலாம்.

கீழ்வீட்டில் சௌம்யா என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். யாருக்கு என்று சொல்லாமல் மாத்திரை பெயரை மட்டும் சொல்லிக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'அது பழைய மாத்திரைக்கா, நல்லா வேலை செய்யும். ஆனா ஹார்ட்டுக்குள்ள கரண்ட் ஓடற வழிய மெதுவாக்கும். துடிப்பு ஜாஸ்தி ஆகும், எழுந்து நின்னா பிரஷர் டக்குனு கம்மியாகும். ஹார்ட்ல ஏற்கெனவே கோளாறு இருந்தா துடிப்பு தாறுமாறா போய்டும், சில பேருக்கு நின்னே போய்டும். அதனாலதான் டோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி ஈசிஜி கேப்பாங்க. வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு செத்துருக்காங்களான்னும் கேப்பாங்க.'

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். நான் அதற்குள் மாடி ஏறிவிட்டேன். இன்னும் நின்றால் உங்கள் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று பயம்.

உங்கள் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் பக்கத்தில் நின்றபடியே விழுந்தார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நாற்பத்து மூன்று வயது, ஒரு நாள் காய்ச்சல் என்றுகூடப் படுக்காத மனுஷன். டாக்டரம்மாவிடம் இல்லை என்று சொன்னீர்களே! என் நெஞ்சைப் பார்த்துவிட்டு உங்களுக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள் அக்கா. அந்த மேஜையில் நான் படுத்திருக்காவிட்டால் உங்கள் நெஞ்சு அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அதற்குச் சிரித்துக்கொண்டே போனேன்.

இனிமேல் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். இன்றைக்கே நிறுத்துங்கள். இந்த வியாழக்கிழமையே போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?

தேவிகா

குடியாத்தம்
8.2.2025

தேவிகா,

உன் பேச்சைக் கேட்டு நிறுத்தினேன்.

நாலு நாள். இரண்டாவது நாள் வாந்தி. உடம்பெல்லாம் வியர்வை. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். 'எறும்பு கடிக்குதா' என்று அத்தை கேட்டார்கள். கம்பெனியில் ஒரு தட்டு முழுக்க இடது கால் தோலுக்கு வலது கால் லைனிங் வைத்துத் தைத்துவிட்டேன். பதினைந்து வருஷ வேலையில் இதுதான் முதல் தடவை. சூப்பர்வைசர் திட்டவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

நேற்று மாலை ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. ரயில் எப்போது போய்த் தொலையும் என்று எல்லோரும் பார்த்தார்கள். நான் எப்போது வரும் என்று பார்த்தேன். எனக்குத் தெரியும் அந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று.

வீட்டுக்கு வந்ததும் பருப்பு டப்பாவைத் திறந்தேன். எழுபத்தைந்து மில்லிகிராமையும் முன்போலவே போட்டுக்கொண்டேன். இன்றைக்குக் காலையிலிருந்து நெஞ்சு கூடையில் போட்ட மீன் மாதிரி துள்ளுகிறது. நாலு துடித்து ஒன்றை விடுகிறது. விடுகிற அந்த ஒன்று வருமா என்று காத்துக்கொண்டு நிற்கிறேன்.

சாப்பிட்டால் நெஞ்சு, நிறுத்தினால் ரயில். போதுமா? இதில் நீ எனக்கு என்ன யோசனை சொல்லப்போகிறாய்?

டாக்டரம்மாவிடம் போகமாட்டேன். போனால் ஏமாற்றியதற்கு ஏசுவார், மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வார். வேறு ஈசிஜி எடுத்தால் அப்பாவுடைய நோய்தான் எனக்கும் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்தபின் தெரியாத மாதிரி இருக்க முடியாது. கம்பெனிக்குத் தெரிந்தால் தனகோடிக்கு ஆனதுதான் எனக்கும். அத்தைக்குத் தெரிந்தால் என் பெயரே மாறிவிடும், பக்கத்துத் தெருப் பைத்தியத்துக்கு என்ன பெயர் என்று உனக்கே தெரியும். உன் மாமாவுக்குத் தெரிந்தால், அதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நீ யாரிடமும் சொல்லக்கூடாது. குமரன் தம்பியிடம் கூடாது, அந்த நர்ஸிடம் என் பெயர் கூடாது. சொன்னால் உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. நான் செத்தாலும் நீ வாசற்படி மிதிக்கக் கூடாது. இதை வசந்த் தலையில் கை வைத்து எழுதுகிறேன்.

பூரணி

சத்துவாச்சாரி
14.2.2025

அக்கா,

சொல்லிவிட்டேன்.

முதலில் இதைப் படியுங்கள், திட்டுவதை அப்புறம் திட்டுங்கள். மாத்திரையை மறுபடி நிறுத்தாதீர்கள், நீங்களாகக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். நிறுத்தச் சொன்னது என் முட்டாள்தனம். சௌம்யா அன்றைக்குச் சொல்ல வந்து நான் கேட்காமல் ஓடியது அதைத்தான். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டுமாம். அரைகுறையாகக் கேட்டு உங்களைத் தண்டவாளம் வரை கொண்டுபோய் நிறுத்தினேன். கேட்டில் நின்ற பஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீங்கள் பேசாமல் போனாலும் போங்கள், உயிரோடு இருந்து பேசாமல் இருங்கள்.

நேற்று வியாழக்கிழமை. வேலூரில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா யார் என்று சௌம்யாவிடம் விசாரித்து, உங்கள் டாக்டரம்மாவின் கிளினிக்கைத் தேடிப் போனேன். பல் டாக்டர் போர்டு பக்கத்திலேயே இருக்கிறது, பொய்யிலும் நீங்கள் கெட்டிக்காரிதான். டோக்கன் கொடுக்கிறவர் பெயர் கேட்டார். நாக்கு பூரணி என்றது. வேறு பெயர் சொன்னால் உங்கள் ஃபைலை எடுக்க மாட்டார்களே. உள்ளே போனதும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

'நீங்க பூரணி இல்லையே.'

'இல்ல மேடம். நான் அவங்க ஓரகத்தி. ஆனா ஃபைல்ல இருக்கற ஈசிஜி என்னுது.'

அவருக்குப் புரியவில்லை. அட்டை, மாஸ்க், கேம்ப் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், அதனால் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். விழுந்ததை, நாலு நாள் நிறுத்தியதை, மீன் துள்ளுவதைச் சொன்னேன். அவர் ஃபைலைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஏசவில்லை அக்கா. அவர் முகம்தான் வெளுத்துப்போனது. உங்களைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'அவங்க விஷயத்த உங்ககிட்ட நான் பேசக்கூடாதும்மா' என்றார். பிறகு, 'அவங்கள உடனே பாக்கணும். நம்பர் குடுங்க' என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் மாமா நம்பர்.

ஒரு நிமிஷம் யோசித்தேன். நீங்கள் வசந்த் தலையில் கை வைத்ததை யோசித்தேன். கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் போன் வந்திருக்கும். என்ன நடந்தது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஒரு வரி எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

தேவிகா

குடியாத்தம்
20.2.2025

தேவிகா,

போனில் கூப்பிட்டே திட்டலாம், இப்போது போன் என் கையில்தான் இருக்கிறது. ஆனால் போனில் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். எனக்கு முழுதாகத் திட்ட வேண்டும்.

நீ செய்தது துரோகம். அந்தச் சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை போன் வந்தது. உன் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 'ஆமா, சம்பந்தம்தான் பேசறேன்' என்றார். கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: நாளைக் காலையில் மனைவியை ஈசிஜி எடுக்கக் கூட்டி வாருங்கள், மற்றதை அவரே சொல்வார். போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் பருப்பு டப்பாவைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்தேன். பருப்போடு அட்டைகளும் விழுந்தன.

எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பைத்தியமா நீ என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

'நாலு வருஷமா நீ சிரிச்சுட்டு இருந்தது இந்த மாத்திரையாலயா?'

'ஆமா.'

'நான் புகையில வுட்டதால இல்லையா?'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வருஷம் நான் சாப்பிடாமல் கிடந்தபோது, பூரணி எழுந்து நடமாடினால் போதும், இனிமேல் புகையிலையைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாராம். விட்ட மூன்றாவது வாரம் நான் சிரித்தேனாம். தறிக்கொட்டகையில் எல்லோரும் வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இந்த மனுஷன் நாலு வருஷமாகச் சீரகம் மென்றுகொண்டிருந்திருக்கிறார். என்னிடம் சொன்னதே இல்லை. சொன்னால் பலிக்காது என்று பயமாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. 'ரெண்டாலயும்தான்' என்றேன். மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

அத்தை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதையும் கேட்டார்கள். அன்றிலிருந்து நான் எங்கே எழுந்தாலும் கூடவே எழுந்து நிற்கிறார்கள். கண்காணிப்பா, பாசமா என்று தெரியவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

சனிக்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் ஒயரை ஒட்டினார்கள். எடுத்து முடித்ததும் அந்தப் பெண் எழுந்திருக்கச் சொல்லாமல் வெளியே ஓடினாள். இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். கரண்ட் ஓடுவது மெதுவாகி ஈசிஜியில் அலை அகலமாகியிருக்கிறதாம், துடிப்பு நடுநடுவே தாறுமாறாகிறதாம். அங்கேயே இரண்டு நாள் படுக்க வைத்து, பக்கத்தில் டிவி மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாத்திரையைக் கொஞ்சம் குறைத்து அனுப்பினார்கள். இன்னும் பத்து நாள் தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உன் மாமா கேட்டார். டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வீர்களா என்றுதான் முதலில் கேட்டேன். 'பிடுங்க மாட்டேன். நெஞ்சுக்குத் தொந்தரவு கம்மியா இருக்கற வேற மாத்திரைக்கு மெதுவா மாத்தலாம். உங்க மனசும் வேணும், ஹார்ட்டும் வேணும்' என்றார். என்னிடம் இப்படி ஒருத்தரும் இரண்டையும் சேர்த்துச் சொன்னதில்லை. அப்பாவைப் பற்றி அரை மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டார். வசந்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். அதிலிருந்து எனக்கு மறுபடி இருப்புக் கொள்ளவில்லை.

கம்பெனியில் லீவு சொல்லியிருக்கிறேன். ஈசிஜி விஷயம் தெரிந்தால் வேலை போகும். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதற்கும் நீதான் காரணம், அதற்கு முன்னால் நான்தான் காரணம்.

வருகிற திங்கட்கிழமை மறுபடி சேர்கிறேன். மாத்திரையை மாற்றும்போது மூன்று நாள் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். எப்படிப் போகும் என்று அவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தேவிகா. பெண்கள் வார்டில் ஆண்களை விடமாட்டார்கள். உடன் இருப்பவர் என்று ஒரு பெயர் முன்னாலேயே எழுதித் தரவேண்டும். அத்தை பெயரை எழுதப்போனார் உன் மாமா. பேனாவை வாங்கி உன் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் ஓரகத்தி என்றே எழுதினேன். தங்கச்சி என்று எழுத இன்னும் கோபம் விடவில்லை.

காலை ஏழு மணிக்கு வந்துவிடு.

பூரணி